உள்ளங்கையில் ஊசி மருந்து

கூடத்தில் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த தம்பி, எல்லாவற்றையும் இடது கையாலேயே செய்தான். வலது கை மூடியே இருந்தது. அதற்குள் அக்காவுக்குப் போட வேண்டிய இன்றைய ஊசி மருந்து. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு போட்டால் வலிக்கும் என்று தினமும் அப்படித்தான் பொத்தி வைத்துக் குளிர் போக்குவான். காலையில் பொத்திக்கொண்டு நிற்கும்போதுதான் அக்கா தலை வலிக்கிறது என்று சாய்ந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது, பார்த்தார்கள், உயிர் இல்லை என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். அவன் கையை மட்டும் இன்னும் திறக்கவில்லை.

அவனுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பிறவிக் குணம். நாற்பதை நெருங்கியும் எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. அம்மா போனபின் அவனை வளர்த்த அக்கா, திட்டித் திட்டி ஓய்ந்து போனவள். அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்றபோது டாக்டர் பொறுமையாக விளக்கினார்: ரத்தத்தில் பிறக்கிற செல்கள் வளர்ந்து வேலைக்குப் போகாமல் குழந்தையாகவே பெருகிக் கிடக்கின்றன, அவற்றை வளர வைக்கத்தான் இந்த ஊசி. அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அப்படியே என் தம்பி மாதிரின்னு சொல்லுங்க டாக்டர். இவனையே வளத்துட்டேன், இதுங்க எம்மாத்திரம்?"

அக்காவின் கணவர், மாமாவுக்கு, ஊசியைக் கண்டாலே கை நடுங்கும். அதனால் பொறுப்பு தம்பி தலையில் விழுந்தது. ஒரு நாள்கூட அவன் தவறவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்தால் முதலில் தன்னிடம்தான் சொல்ல வேண்டும், ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்று அக்கா சத்தியம் வேறு வாங்கியிருந்தாள்.

மாமா அவனைக் கொஞ்சம் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தான், எழுந்தான். சமையலறை, வாசல், மறுபடி கூடம். யாரோ கையைப் பற்ற வந்தார்கள். இடது கையைக் கொடுத்தான். மருந்து இந்நேரம் கெட்டே போயிருக்கும். தெரியாதா அவனுக்கு? தெரியும். விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

வாசலில் நின்றபோது போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ். குரலிலேயே சந்தோஷம்.

"நேத்து எடுத்த ரத்தத்துல வளந்த செல்லு நிறைய தெரியுதுங்க. மருந்து கேக்க ஆரம்பிச்சிடுச்சு. அக்காகிட்ட சொல்லிடுங்க."

"சரிங்க. சொல்லிடறேன்."

மாமா என்ன என்பதுபோல் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தலையசைத்தான். நேராக அக்காவின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தான்.

"அக்கா, வளந்துடுச்சுங்களாம். எல்லாம் வேலைக்குக் கெளம்பிடுச்சுங்களாம்."

பிறகு சமையலறைக்குப் போய், விரல்களை மெல்லப் பிரித்து, மருந்தைக் குலுங்காமல் ஃப்ரிட்ஜ் கதவில் அதன் இடத்தில் வைத்தான். திரும்பி வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான். மாமா இரண்டு முறை கூப்பிட்டும் அவன் எழுந்திருக்கவில்லை.