கோல் கம்பங்களுக்கு நடுவே தங்கையன்

1972, ஆடி மாதம். முத்துப்பேட்டையில் கால்பந்து சீசன் தொடங்கி இரண்டு ஆட்டங்கள்தான் முடிந்திருந்தன. அதற்குள் பிறைநிலா கழகம் ஐந்து கோல் வாங்கிவிட்டது. திருப்பி ஒன்றுகூடப் போடவில்லை.

சைக்கிள் கடை ஜெக்கரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருந்த கழகம் அது. கோழிக்கோட்டிலிருந்து இரண்டு பேர், மதராஸிலிருந்து மூன்று பேர், கூடவே ஒரு கோச். செயலாளர் முகம்மது யூசுப், ஊருக்கு அண்ணன் முறையில் "யூசுப் காக்கா", அரிசி ஆலை வைத்திருப்பவர். யாரைச் சேர்ப்பது, யாரை அனுப்புவது என்பதெல்லாம் அவர் முடிவு. அவருடைய ஒவ்வொரு முடிவைப் பற்றியும் ஜெக்கரியாவிடம் ஓர் அபிப்பிராயம் இருந்தது. பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் அதைக் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போக முடியாது.

அந்த வருஷம் அபிப்பிராயம் முழுக்க கோல் காக்கும் கோலியைப் பற்றியதுதான். மூன்று வருஷம் ஆடிய மதராஸ் கோலியை யூசுப் அனுப்பிவிட்டார். அவனுக்குப் பதிலாக வேளூர்வெளியிலிருந்து தங்கையன் என்ற ஓர் ஆளைக் கொண்டுவந்தார். வயலில் வேலை செய்பவன். இருபத்தாறு வயது. பூட்ஸ் போட்டால் நடக்கவே தெரியாது.

"நடவு நட்டவனையா கோல்ல நிக்க வைக்கிறது? யூசுப் காக்காவுக்கு மூளை கலங்கிப் போச்சு" என்றான் ஜெக்கரியா, வீட்டில்.

"அதை அவர்கிட்ட போய்ச் சொல்லுங்களேன். எங்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றாள் மனைவி மெஹராஜ் பேகம்.

அவரிடமும் சொல்லிப் பார்த்தாயிற்று. ஆலை வாசலில் நின்று சொன்னபோது யூசுப் முழுக்கக் கேட்டார். "இன்னும் ரெண்டு ஆட்டம் பாப்போம் தம்பி" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார். ஆகவே வியாழக்கிழமை காலை ஜெக்கரியா கடையைப் பூட்டினான். தங்கையனையே நேரில் பார்த்து, கௌரவமாக விலகிக்கொள்ளும்படி சொல்லிவிடுவது என்று ஆறு மைல் சைக்கிள் மிதித்தான்.

வேளூர்வெளிக்குள் போகும் முனையில் போலீஸ் வேன் நின்றது. அதைத் தாண்டிப் போனதும் வாய்க்கால். வாய்க்காலின் மேலிருந்த பனைமரப் பாலம் இல்லை. மரங்களைப் பிரித்துக் கரையில் உருட்டிப் போட்டிருந்தார்கள்.

"பண்ணை ஆளுங்க ராத்திரி பிரிச்சுட்டானுவ" என்று ஒருவர் சொன்னார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஐந்து மா நிலத்தைத் தங்கையனின் குடும்பம் முப்பது வருஷமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தது. குத்தகைதாரர் பேரைப் பதிய வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டதிலிருந்து, இவர்கள் சாகுபடி செய்யவே இல்லை என்று பண்ணை கோர்ட்டுக்குப் போயிருந்தது. அன்று மத்தியானத்துக்கு மேல் கோர்ட் அமீனா வந்து நிலத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார். அதற்குள் நட்டு முடித்திருக்க வேண்டும். நாற்றங்கால் இந்தக் கரையில். வயல் அந்தக் கரையில். பாலம் இல்லை. முறை வைத்து விட்ட தண்ணீர் வாய்க்காலில் கழுத்தளவு ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் கயிறு பிடித்துக் கடந்துவிட்டார்கள், நாற்றைச் சுமந்துகொண்டு கடக்க முடியாது.

இந்தக் கரையில் நான்கு ஆண்கள் நாற்றை முடி முடியாகக் கட்டிக் குவித்து வைத்து வீசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கரையின் வரப்பில் தங்கையன் நின்றான். ஈரம் சொட்டும் முடிகள் நான்கு பேரிடமிருந்தும் தண்ணீருக்கு மேலே பறந்து வந்தன. அவன் பிடித்தான். பிடித்த கையோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல், நடும் பெண்களுக்குப் பின்னால் சரியான இடத்தில் எறிந்தான். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. அதையும் பிடித்தான். அதற்கடுத்ததையும்.

ஜெக்கரியா சைக்கிளை ஸ்டாண்ட் போட மறந்தான். அது சாய்ந்து விழுந்தது.

வயலுக்குள் முப்பது பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுப் பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். தங்கையனின் மூத்த அக்கா ராமாயி அவர்களுக்கு நடுவே நடந்தாள். "செவ்வந்தி, நீ ஓரத்துக்குப் போ. அகிலாண்டம், நீ அந்தக் கடைசிக்கு. மெதுவா நடுறவங்க நடுவுல வாங்க, ரெண்டு பக்கமும் இழுத்துட்டுப் போவாங்க." சொன்னபடியே நடந்தது. வேகமானவர்கள் இரு ஓரங்களிலும் பின்வாங்க, வரிசை நடுவில் தொய்யாமல் ஒரே கோடாக நகர்ந்தது. யாரும் தனியாகப் பின்தங்கவில்லை. ஜெக்கரியா இருபது வருஷம் ஆட்டம் பார்த்தவன். ஒரு அணி இப்படி ஒன்றாக நகர்ந்து பார்த்ததே இல்லை.

ராமாயி இவனைப் பார்த்துவிட்டாள். "பாய், யாரைத் தேடி வந்தீங்க?"

"தங்கையனைத்தான்" என்றான்.

"இப்ப பேச நேரமில்லை. சும்மா நிக்காதீங்க, நீங்களும் ரெண்டு முடி வீசுங்க."

ஜெக்கரியா கைலியை மடித்துக் கட்டினான். முதல் முடி பாதித் தூரத்திலேயே வாய்க்காலில் விழப் போனது. தங்கையன் முன்னால் பாய்ந்து, கரையின் விளிம்பில் ஒரு காலை ஊன்றி, விழுவதற்குள் எடுத்துவிட்டான். இரண்டாவது முடி எங்கோ தலைக்கு மேலே போனது. அதையும் எடுத்தான். பத்துப் பதினைந்து முடிக்குப் பிறகு ஜெக்கரியாவுக்குக் கை பழகியது. அப்போது அவனுக்குள் இருந்த பழைய ரசிகன் விழித்துக்கொண்டான். வேண்டுமென்றே இடது ஓரமாக, தாழ்வாக, முழு வேகத்தில் ஒன்றை விட்டான்.

தங்கையன் படுத்தபடி பாய்ந்து, சேற்றுக்கு ஒரு சாண் மேலே அதைப் பிடித்தான். எழுந்து சிரித்தான்.

"என்ன பாய், எனக்கே கோல் போடுறீங்களா?"

வீசிக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஜெக்கரியா சிரிக்கவில்லை. யூசுப் காக்கா எந்த வருஷமோ நெல் விலை பேச வந்தபோது இவன் முடி பிடிப்பதைப் பார்த்திருக்க வேண்டும் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. இன்னொன்றும் புரிந்தது. இவன் ஒரு முடிக்காகக்கூட நின்ற இடத்தில் காத்திருக்கவில்லை. எறிபவனின் தோள் அசையும்போதே அதை நோக்கிப் போய்விடுகிறான்.

அமீனா வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கடைசி மூலையில் செவ்வந்தி நட்டு நிமிர்ந்தாள். ஐந்து மாவும் பச்சைப் பசேலென்று நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வயலையே நெடுநேரம் பார்த்தார். "நடவு முடிஞ்சிருக்கு. குத்தகைதாரர் அனுபவத்துல இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லியே எழுதினார். பண்ணைக் காரியஸ்தர் ஏதோ சொல்ல வந்தார். அமீனா கையை உயர்த்தி நிறுத்தினார்.

விலகச் சொல்ல வந்த ஜெக்கரியா ஒரு கேள்விதான் கேட்டான். "ஏம்ப்பா தங்கையா, இங்க இப்படிப் பாயிற. அங்க ஏன் மரம் மாதிரி நிக்கிற?"

தங்கையன் வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவியபடி சொன்னான். "கோச்சு ஐயா கோல் கோட்டைத் தாண்டக் கூடாதுன்னுட்டாருங்க. தாண்டினா தப்பாயிடுமோன்னு கால் எழும்ப மாட்டேங்குது."

சேறு காயாத கைலியோடு ஜெக்கரியா நேராக ஆலைக்குப் போனான். யூசுப் அவனைக் கண்டதும் பெருமூச்சு விட்டார். "சொல்லு தம்பி, இன்னைக்கு என்ன?"

"காக்கா, ஆளு சரி. நீங்க கொண்டாந்ததுல தப்பே இல்லை. அவனைக் கட்டிப் போட்டதுதான் தப்பு. வெளியில வர விடுங்க."

யூசுப் அவனை மேலும் கீழும் பார்த்தார். கோச்சிடம் அவர் எப்படிப் பேசினார் என்பது யாருக்கும் தெரியாது. இரண்டு பேரும் ஆலை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தார்கள் என்று மட்டும் ஆலைக்காரர்கள் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காரைக்கால் அணி வந்தது. அந்த வருஷம் அவர்களை யாரும் தோற்கடித்ததில்லை. வேளூர்வெளியிலிருந்து ராமாயியும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் வந்து மைதானத்தின் மேற்கே நின்றார்கள். அவர்கள் ஆட்டம் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

தங்கையன் வெறுங்காலோடு நின்றான். கோச் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் கார்னர் பந்து உயரமாக வளைந்து வந்தது. காரைக்காலின் நெட்டை ஃபார்வர்டு தலையைக் கொடுக்க எழும்பினான். பந்து தலைக்கு வரவில்லை. தங்கையன் கம்பங்களை விட்டு வெளியே வந்து, கூட்டத்துக்கு மேலே எழும்பி, இரண்டு கைகளாலும் அதைப் பறித்திருந்தான். தரையில் கால் படுவதற்குள் பந்து அவன் கையிலிருந்து புறப்பட்டு நடு மைதானத்துக்குப் போய்விட்டது.

மைதானத்தில் எழுந்த சத்தத்தில் பள்ளிவாசல் புறாக்களெல்லாம் கிளம்பின.

அப்படிப் பதினோரு தடவை. இடைவேளைக்குப் பிறகு காரைக்கால்காரர்கள் உயரமாக அடிப்பதையே விட்டுவிட்டார்கள். தூரத்திலிருந்து அடித்தார்கள். தாழ்வாக அடித்தார்கள். அவர்கள் கால் பின்னால் போகும்போதே அவன் முன்னால் வந்தான். பிறைநிலாவின் ஃபார்வர்டுகளும் ஒன்றும் கிழிக்கவில்லை. கடைசி விசில் ஊதியபோது இரு பக்கமும் கோல் இல்லை.

நெட்டை ஃபார்வர்டு நேராகத் தங்கையனிடம் போனான். கை குலுக்கவில்லை. தங்கையனின் உள்ளங்கைகள் இரண்டையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு தன் அணியினரையும் கூப்பிட்டுக் காட்டினான்.

வீட்டுக்கு வந்த ஜெக்கரியா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். மெஹராஜ் பேகம் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஜெயிச்சாச்சா?"

"இல்லை."

"தோத்தாச்சா?"

"அதுவும் இல்லை. கோலே விழலை."

"அப்புறம் எதைப் பாத்துட்டு இப்படி உக்காந்திருக்கீங்க?"

ஜெக்கரியா சொல்லத் தொடங்கினான். பாதியில் எழுந்து நின்று, கைகளைத் தலைக்கு மேலே நீட்டி, எம்பிக் குதித்துக் காட்டினான்.