கோர்ட்டுக்குச் சொன்ன விலை

சோலைராஜ் தன்னுடைய ஐம்பத்திரண்டு வயதுக்குள் எந்தக் காகிதத்திலும் உண்மை விலையை எழுதியவரில்லை. தளவாய்புரத்தில் தோட்டம் வாங்கினாலும் சரி, ராஜபாளையத்தில் பழைய லாரியை விற்றாலும் சரி, பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை. ஊரும் அப்படித்தான் செய்கிறது. ஆனால் ஊர் கொஞ்சம் கூச்சத்தோடு செய்யும். சோலைராஜ் அதைப் பெரிய படிப்பு படித்து வந்தவர் மாதிரி நாலு பேருக்கு எடுத்துச் சொல்வார். சர்க்காருக்கு ஒரு ரூபாய் கூடுதலாகப் போய்விட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் அவருடைய அப்பா தவசிமுத்து, உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் எழுதி வைத்துவிட்டு 1989 மார்ச்சில் கண்ணை மூடினார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் உயிலை வாசித்தார்கள். மூத்தவர் சோலைராஜ், பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த இளையவன் ஐயாதுரை, கடைசியாகப் பிறந்த பரிபூரணம், மூன்று பேர்தான். பரிபூரணம் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். புருஷன் இறந்த பிறகு அப்பாவோடு வந்து இருந்துகொண்டாள். கடைசி நாலு வருஷம் படுக்கையில் கிடந்தவருக்குக் கையும் காலும் அவள்தான்.

வீட்டைப் பற்றி உயிலில் இருந்தது ஒரே ஒரு ஷரத்து. கோர்ட் ஒப்புக்கொண்ட மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை அண்ணன்மார் இருவருக்கும் கொடுத்து வீட்டை எடுத்துக்கொள்ள பரிபூரணத்துக்கு முதல் உரிமை. அவளுக்கு முடியாவிட்டால் விற்று மூவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியது.

சோலைராஜ் சிரித்தார். "மூணு லட்சம் பெறுமே வீடு. ரெண்டு லட்சத்துக்கு இவ எங்கிட்டுப் போவா? சாக்பீஸ் வித்தா?"

பரிபூரணத்துக்குக் கோபமெல்லாம் அப்பாமேல்தான். வீட்டை அவள் பேருக்கு நேராக எழுதியிருக்கலாம். ஆண்பிள்ளைகள் இருக்கும்போது பெண்பிள்ளைக்கு எழுதினால் சர்ச்சில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயம். நாலு வருஷம் மலமும் மூத்திரமும் அள்ளியவளைவிட அந்த நாலு பேர் அவருக்குப் பெரிதாகப் போய்விட்டார்கள். இந்த வீட்டைவிட்டால் அவளுக்கு வாடகை வீடுதான். நாற்பத்தாறு வயதில் எவனோ ஒருவன் வாசலில் தண்ணீருக்கு முறை வைத்து நிற்க வேண்டும்.

கிறிஸ்தவர் உயில் என்பதால் அது செல்லும் என்று கோர்ட்டில் புரொபேட் உத்தரவு வாங்கியாக வேண்டும். சம்மதக் கையெழுத்துப் போடப் பரிபூரணமும் அண்ணனோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள். வக்கீல் விவரமாகச் சொன்னார். வீட்டின் மதிப்பில் நூற்றுக்கு மூன்று ரூபாய் கோர்ட் கட்டணம். மூன்று லட்சத்துக்கு ஒன்பதாயிரம். சோலைராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். அப்பா செத்த அன்றைக்குக்கூட மனிதர் இப்படி ஆடிப்போகவில்லை.

"வீடு இடிஞ்ச வீடு சார். அறுபதாயிரம் போடுங்க."

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உயில்ல இப்படி ஒரு ஷரத்து இருக்கே. பார்த்துச் சொல்லுங்க."

"அது எங்க குடும்பத்துக்குள்ள சார். கோர்ட்டுக்குச் சொல்ற விலை வேற, நாங்க பேசிக்கிற விலை வேற. எந்த ஊர்ல சார் ரெண்டும் ஒண்ணா இருக்கு?"

திரும்பும்போது பஸ்ஸில் சோலைராஜ் தனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தார். பரிபூரணம் தன் டிக்கெட்டைத் தானே எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உயிலின் நகல் பைக்குள் இருந்தது. அதை எடுத்து ஒரு தடவை வாசித்தாள். மடவார் வளாகம் தாண்டுவதற்குள் இன்னொரு தடவை வாசித்தாள். அறுபதாயிரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதாயிரம். அவளுடைய சேமநல நிதியில் அதற்கு மேலேயே இருந்தது. அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மதிப்புச் சரிதானா என்று கோர்ட் கலெக்டரைக் கேட்கும், அங்கிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., நேரில் பார்க்க வருவார் என்று வக்கீல் சொல்லியிருந்தார். சோலைராஜ் ஒரு வாரம் லாரி செட்டுக்கே போகவில்லை. தன் கல்யாணத்துக்குக்கூட அவர் அப்படி வேலை பார்த்திருக்க மாட்டார். தவசிமுத்து மில்லில் மேஸ்திரியாக இருந்து, போனஸ் போனஸாகச் சேர்த்துப் போட்ட ரெட்டைத் தேக்குக் கதவைக் கழற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த இடத்தில் தகரக் கதவு வந்தது. கூரையில் இருபது ஓடுகளை உருவினார். கல்லுப்போல இருந்த உத்திரத்துக்கு அடியில் பனங்கட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்தினார். சுவரில் சாணியைக் கரைத்து ஊற்றி, நடுக்கூடத்தில் இரவல் ஆடு ரெண்டைக் கட்டினார்.

பரிபூரணம் ஆட்டுக்கயிற்றை அவிழ்க்கப் போனாள். "அண்ணே, அப்பா கட்டில் கிடந்த இடம்ணே இது."

"ஏட்டி, வாய மூடிட்டு இரு. எல்லாரு நன்மைக்குந்தான் செய்யுதேன்."

ஆர்.ஐ. இருளப்பசாமி நல்ல மனிதர். டீ கூட வேண்டாம் என்றவர். ஆட்டுப்புழுக்கையை மிதிக்காமல் கால் வைத்து உள்ளே வந்து, முட்டுக்கட்டையை அண்ணாந்து பார்த்தார். "இது எத்தனை நாளா இப்படி இருக்கு?"

சோலைராஜ் பதிலை யோசிப்பதற்குள் பரிபூரணம் முந்திக்கொண்டாள். "நாலு வருஷமா சார். மழைன்னா நாங்க உள்ள படுக்கிறதில்ல. அடுப்படிச் சுவர்ப்பக்கம் போகாதீங்க, போன மாசம் பாம்பு வந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாதென்று பாடம் நடத்துகிறவள் அவள். பாம்பு அவள் வாயிலிருந்து அவ்வளவு லேசாக வந்தது அவளுக்கே திக்கென்றது. அப்பாவின் வீட்டைப் பழிக்கிறோம் என்று தெரிந்தும் விடவில்லை. கிணற்றில் உப்பு, தரையில் கரையான், பின்சுவர் போன ஐப்பசியிலேயே விழுந்திருக்க வேண்டியது என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஆர்.ஐ. தகரக் கதவு உட்பட எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார்.

சோலைராஜுக்குத் தலைகால் புரியவில்லை. "ஏட்டி, நீயும் எந்தங்கச்சிதாம்ட்டி" என்றார். தங்கையைப் பாராட்டி அவர் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

அடுத்த வருஷம் உத்தரவு வந்தது. அறுபதாயிரம் என்று கோர்ட் ஒப்புக்கொண்டது. ஏழாயிரத்து இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் சோலைராஜ் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே கால் கிலோ பால்கோவா வாங்கி, பஸ் ஸ்டாண்டில் நின்று தானே தின்று தீர்த்தார். மறுவாரம் ஐயாதுரை லீவில் வந்தான். மூன்று லட்சத்துக்குக் கேட்ட பஞ்சு வியாபாரியையும் கூட்டிக்கொண்டு அண்ணன் தம்பி இருவரும் வீட்டுக்கு வந்தார்கள்.

பரிபூரணம் உயிலின் நகலையும் கோர்ட் உத்தரவையும் மேஜையில் வைத்தாள். அதன்மேல் இருபதாயிரத்துக்கு ஒன்றாக இரண்டு பேங்க் டிராப்டை வைத்தாள். "வீட்ட நான் எடுத்துக்கிடுதேன்."

சோலைராஜ் டிராப்டைப் புரட்டிப் பார்த்தார். மிச்சம் பின்பக்கம் எழுதியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. "இது கோர்ட்டுக்குச் சொன்ன விலைல்லா?"

"உயில்ல அந்த வெலைதான போட்டிருக்கு."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுட்டி. வீடு மூணு லட்சம்னு ஊருக்கே தெரியும்."

"அப்ப கோர்ட்ல போயி, நான் சொன்னது பொய்யி, கட்ட வேண்டிய பணத்த இப்பக் கட்டுதேன்னு சொல்லு. நானும் வாரேன்."

பஞ்சு வியாபாரி செருப்பைத் தேட ஆரம்பித்தார். ஐயாதுரை தன் டிராப்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஏழாயிரத்துக்காக எனக்கு எம்பதாயிரத்தப் போக்கிட்டியே, நீயெல்லாம் ஒரு அண்ணனா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனான். வாசல்வரை போன சோலைராஜ் தகரக் கதவைப் பார்த்ததும் நின்றார்.

"தேக்குக் கதவு எனக்குத்தான். பேப்பர்ல தகரக் கதவுன்னுதான் இருக்கு."

"வச்சுக்கோண்ணே" என்றாள்.

அவர் போன பிறகு முட்டுக்கட்டையை இழுத்துப் பார்த்தாள். ஒரு தள்ளலில் சாய்ந்தது; உத்திரம் அசையவில்லை. எத்தனை மாதம் அவள் அந்தக் கட்டையைச் சுற்றிச் சுற்றி நடந்திருப்பாள். சுவரில் அப்பாவின் படம் மாட்டியிருந்தது. பெரிய மகன் சர்க்காருக்கு உண்மை சொல்ல மாட்டான் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் அப்படி எழுதினாரா? கேட்க ஆளில்லை. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்குன்னு எழுத ஒங்களுக்குத் தைரியம் இல்ல. அவன் கஞ்சத்தனத்த நம்பி எழுதியிருக்கீக. அவன் நெச வெலையச் சொல்லியிருந்தா நான் எங்க போவேன்ப்பா?"

பரிபூரணம் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து சுவரிலிருந்த சாணியைக் கழுவ ஆரம்பித்தாள்.