வெப்சைட்டில் சடையப்பன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்ன இரும்பு வார்ப்புக் கம்பெனி. அதன் ஆபீசில் டைப் அடிக்கச் சேர்ந்தவள் அருணா. 2003இல் ஒரு நாள் முதலாளி அருணாச்சலம் அவளைக் கூப்பிட்டார்.

"கம்ப்யூட்டர் தெரியும்னுதானே சொன்னே? கம்பெனிக்கு ஒரு வெப்சைட் பண்ணிடு. ஜெர்மன் பார்ட்டி ஒருத்தர் கேக்குறாரு."

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்தாள்.

அன்று மாலை கவரைப்பேட்டையில் இருந்த வீட்டுக்கு ரயில் ஏறாமல், ஸ்டேஷன் எதிரே முஜீப் நடத்திய பிரவுசிங் சென்டருக்குப் போனாள். அவனுக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு வழி உண்டென்று காட்டிக்கொடுத்தான்.

"உள்ள எல்லாம் வெறும் எழுத்துதான்கா. பாத்துக்கினே எழுதுங்க, தானா வந்துடும்."

தானாக வரவில்லை. எழுத்தைத் தடிப்பாக்கும் குறியை ஓரிடத்தில் மூட மறந்தாள். அதற்குக் கீழே இருந்ததெல்லாம் தடித்துப் போனது. ஒரு மேற்கோள் குறி விட்டுப்போனதில் பாதிப் பக்கம் காணாமல் போனது. ஆனால் கம்ப்யூட்டர் மனிதர்களைப் போலச் சலித்துக்கொள்ளவில்லை. சொன்னதை மட்டும் செய்தது. தப்பு எங்கே என்று தேடும் பொறுமை தன்னிடம் இருப்பது அவளுக்கே புதுச் செய்தியாக இருந்தது.

முதல் பக்கத்துக்கு, உருகிய இரும்பை அச்சில் ஊற்றும் சடையப்பனைப் படம் எடுத்துப் போட்டாள். ஆபீசில் அழகாகத் தெரிந்த படம், முஜீபின் கடையில் வெறும் கட்டமாக நின்றது. படம் இருக்கும் இடமாகத் தன் மேஜைக் கம்ப்யூட்டரின் விலாசத்தையே எழுதியிருந்தாள். வெளியாள் அங்கே எப்படி வந்து தேடுவான்? அதையும் சரிசெய்தாள்.

சடையப்பன் தன் மகள் கன்னியம்மாவிடம் படத்தைப் பற்றி ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். "உலகம் பூரா பாக்கலாமாமே" என்று தினமும் வந்து கேட்டார்.

முதலாளி திரையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இந்தப் படத்தை எடுத்துடு. வெறுங்கையோட நிக்கிறான் பாரு. ஜெர்மன்காரன் பாத்தா ஆர்டர் குடுப்பானா? நெட்லேந்து நல்ல படமா ஒண்ணு எடுத்துப் போடு."

படத்தின் அகலத்தை அத்தனை நாள் கூட்டியும் குறைத்தும் பார்த்தவள், அந்தக் கைகளைப் பார்த்திருக்கவில்லை. முழங்கை வரைக்கும் பொட்டுப்பொட்டாகச் சூட்டுத் தழும்புகள்.

பளபளக்கும் ஹெல்மெட்டும் கையுறையும் போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் கிடைத்தான். கட்டத்தில் கச்சிதமாகப் பொருந்தினான். ஆனால் அவனை சைட்டில் ஏற்ற அவளுக்குக் கை வரவில்லை. மறுநாள் காலை முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"சார், அந்த ஜெர்மன்காரர் நேர்ல வந்து, படத்துல இருக்கிற ஆளு எங்கேன்னு கேட்டா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கையுறை வாங்கிக் குடுங்க சார். சடையப்பன் அண்ணனையே திரும்ப எடுத்துடுறேன்."

முணுமுணுத்துக்கொண்டே, ஊற்றும் ஆட்கள் எல்லாருக்கும் கையுறையும் முகத்தை மூடும் கண்ணாடியும் வாங்க ஆளனுப்பினார். படம் எடுத்தாயிற்று. சாயந்தரம் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் தாவீது வந்தார்.

"படம் எடுத்துட்டீங்கல்ல? முதலாளி எல்லாத்தையும் திரும்ப வாங்கி வெக்கச் சொன்னாரும்மா."

அருணா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் முடியலண்ணே. உள் பக்கத்துக்கெல்லாம் படம் வேணும். நாளைக்கும் எடுக்கணும்."

மறுநாளும் அதையே சொன்னாள். ஒரே பக்கமாக இருந்த சைட்டுக்கு அச்சு செய்வதைப் பற்றி ஒரு பக்கம், உலையைப் பற்றி ஒரு பக்கம் என்று வாராவாரம் எழுதிச் சேர்த்தாள். அதற்குள் கையுறைகள் கருகி, ஸ்டோரில் எடுத்து வைக்கிற நிலையில் இல்லை. தாவீது கேட்பதை விட்டுவிட்டார். அவை பிய்ந்ததும் புது ஜோடிகள் வந்தன.

ஜெர்மன் ஆர்டர் வரவில்லை. சடையப்பன் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை முஜீபின் கடைக்கு அழைத்து வந்தார். அருணா பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

கன்னியம்மா குனிந்து பார்த்தாள். "யாருப்பா இது? கண்ணாடியில மூஞ்சியே தெரியலியே."

"நான்தாம்மா. இன்னா சந்தேகம்?" என்றார் அவர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அருணா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, படத்துக்குக் கீழே அவர் பெயரை அடிக்க ஆரம்பித்தாள்.