அணையாத விளக்குகள்

கப்பலூரில் ஒரு பழைய நூல் குடோனுக்கு நீலப் பெயின்ட் அடித்து, வாசலில் விமானப் பயிற்சி அகாடமி என்று எழுதிவிட்டால் அது அகாடமிதான் என்பது அதன் முதலாளி வெள்ளைத்துரையின் கொள்கை. உள்ளே ஒரு பாவனை விமானம் இருந்தது. நிஜ இருக்கை, நிஜ சுவிட்சுகள், எதிரே பெரிய திரை. பறக்காது, ஆனால் பறப்பதில் உள்ள தொல்லையெல்லாம் தரும். தரவைத்தவள் அங்கே பயிற்சியாளராக இருந்த ஐரின். ஜெனரேட்டர் படுத்தால் பேட்டரி வடியும். வடிய வடியக் கருவிகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடும். வேகம் கூடினால், விமானத்தை ஏற்றி இறக்கும் கைப்பிடி முரண்டு பிடிக்கும். இதையெல்லாம் நிஜம் மாதிரி அமைப்பதற்கே ஒரு வருஷம் ஆகியிருந்தது அவளுக்கு.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் வெள்ளைத்துரை வந்து நின்றார்.

"ஏம்மா, நாளைக்கு தெறந்து வைக்க வர்ற தனிஸ்லாஸ் ஐயா உள்ள ஒக்காரும்போது லைட்டு அணைஞ்சுட்டா?"

"பேட்டரி தீந்தா அணையத்தான் சார் செய்யும். நெச விமானத்துலயும் அப்படித்தான்."

"நெச விமானத்துக்கா நான் ஃபிளெக்ஸ் வச்சிருக்கேன்? குத்துவிளக்கு ஏத்துற அன்னைக்கு வெளக்கு அணைஞ்சா வெளங்குமா?"

"நம்மகிட்ட படிக்கிற திவ்யா அடுத்த வாரம் நெசமாவே பறக்கப் போறா சார். கரண்டு போனா எதை அணைச்சு எதை மிச்சம் வைக்கணும்னு அவ இன்னும் பழகல. இதுல பழகாம எங்க பழகுவா?"

"அணைக்கச் சொல்லிக்குடுக்கவா அகாடமி நடத்துறோம்?"

கம்ப்யூட்டர் படித்த தங்கை மகன் அசோக்குமாரைக் கூப்பிட்டு, பாவனை விமானத்தை இயக்கும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். டீ ஆறுவதற்குள் அவன் எழுந்துவிட்டான். "முடிஞ்சது மாமா. இனிமே சுவிட்ச அணைச்சாலும் லைட்டு எரியும்" என்றான், ஏதோ கண்டுபிடித்தவன் மாதிரி. வேலை போய்விடுமே என்று ஐரின் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் தனிஸ்லாஸ் வந்தார். நாலு கல்லூரிக்குத் தாளாளர். பட்டங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் ஃபிளெக்ஸில் அவர் முகம் தபால் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. தொடை கனத்துக்கு ஒரு ரோஜா மாலை போட்டார்கள். போட்டோ எடுத்த மறுநொடி மாலையைக் கழற்றிப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுப்பதுதானே பெரிய மனிதர் வழக்கம்? விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்தவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. கைப்பிடி இருந்தது. அதில் மாட்டினார்.

மாலையின் கனத்தில் கைப்பிடி முன்னால் சாய்ந்தது. திரையில் பறந்துகொண்டிருந்த விமானம் தலை குனிந்தது.

"சார், மாலைய எடுக்கச் சொல்லுங்க. வண்டி கீழ போகுது" என்றாள் ஐரின்.

"ஐயா மாலைய எடுக்கச் சொல்ல நீ யாரு? சும்மா நில்லு" என்றார் வெள்ளைத்துரை, சிரிப்பு மாறாமல்.

கீழக்குயில்குடி மலை திரையின் ஓரத்தில் இருந்தது. பிறகு நடுவுக்கு வந்தது. பிறகு மலை மட்டும்தான் இருந்தது. விமானம் போய் முட்டி நின்றது. விளக்குகளோ அத்தனையும் பச்சையாக, கல்யாண வீடு மாதிரி எரிந்துகொண்டிருந்தன.

"பிரமாதம். ஒரு லைட்டு கூட அணையல பாத்தீங்களா?" என்றார் தனிஸ்லாஸ். கைதட்டல் தகரக் கூரையில் முட்டியது.

திவ்யா ஐரின் காதருகே குனிந்தாள். "மேடம், எல்லாம் பச்சையாத்தான இருக்கு. அப்ப வண்டிக்கு ஒண்ணும் ஆகலையா?"

ஐரின் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போனாள். விளக்கு அணையாதபடி அசோக்குமார் போட்ட பூட்டை எடுத்தாள், விமானத்தை மறுபடி வானத்தில் தூக்கி நிறுத்தினாள், ஜெனரேட்டரை நிறுத்தினாள்.

"ஐயா, கொஞ்சம் எறங்குங்க. இது இந்தப் பிள்ளை ஒக்கார்ற சீட்டு."

தனிஸ்லாஸ் வாழ்க்கையில் யாரும் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பியதில்லை. அந்தத் திகைப்பிலேயே எழுந்துவிட்டார்.

திவ்யா ஏறினாள். ஒரு கருவி மங்கியது. முதல் காரியமாக மாலையைக் கழற்றினாள். வைக்க இடமில்லாமல், எட்டிப் பார்த்த வெள்ளைத்துரை கழுத்தில் போட்டாள். போட்டோகிராபர் பழக்க தோஷத்தில் கிளிக்கினான்.

"ஐரின், நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்றார் வெள்ளைத்துரை மாலைக்குள்ளிருந்து.

ஐரின் அவரைப் பார்க்கவில்லை. திவ்யாவின் விரல் தேவையில்லாத சுவிட்சுகளைத் தேடித்தேடி அணைத்துக்கொண்டிருந்தது.

"சரி சார். இவ தரையிறங்கட்டும், போறேன்."