வெள்ளைத் தட்டில் வைத்த பொட்டு

எந்தக் கல்லைக் கருவியால் அளந்தாலும் திரையில் ஓடும் கோட்டில் அதே இடத்தில் ஒரு மேடு. பவதாரிணிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மேலூருக்கு அப்பால், வேலை நின்றுபோன கல்குவாரிக்குள் காலையிலிருந்து குத்தவைத்துக் கிடக்கிறாள். வயரை மாற்றியாயிற்று, பேட்டரியை மாற்றியாயிற்று, வானத்தையும் திட்டியாயிற்று.

நிலாவைச் சுற்றும் விண்கலம் கல்லைத் தொட்டுப் பார்ப்பதில்லை. கல்லில் பட்டுத் திரும்பும் வெயிலை நிறம் நிறமாகப் பிரித்து, எது குறைகிறதென்று பார்த்து, இது இன்ன கல் என்கிறது. அது சொல்வது சரிதானா என்று ஒப்பிட, பூமியில் அதே மாதிரிக் கல்லை அளந்து வைத்திருக்க வேண்டும். அதுதான் அவள் ஆராய்ச்சி. கருவியோ இரவல்; நாளைக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும். உச்சிவெயில் சாய்ந்தால் இரண்டு வருட உழைப்பும் போச்சு.

கண்ணீரைத் துடைக்கக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு கல்லையும் அளக்குமுன் அளவுகோலாக வைத்துப் பார்க்கும் வெள்ளைத் தட்டு, வெள்ளையாக இல்லை. நடுவில் லேசாக மஞ்சள் பூத்திருந்தது. அந்தக் கறைதான் எல்லாக் கல்லிலும் மேடாகத் தெரிந்திருக்கிறது.

"அண்ணே! இந்தத் தட்ட யாரு தொட்டா?"

வேன் நிழலிலிருந்து டிரைவர் மலையாண்டி எழுந்து வந்தார்.

"நாந்தேன் பாப்பா. வழியில கருப்பசாமி கோயில்ல நிறுத்துனோம்ல? நீ போன்ல உங்க சாரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்த. இன்னைக்காச்சும் மிசினு ஒழுங்கா ஓடணும்னு வழியெல்லாம் பொலம்புனியா, மனசு கேக்கல. பெட்டியத் தொறந்து, சந்தனம் குங்குமம் வச்சு, சூடம் காட்டுனேன்."

"சூடமுமா!"

"வெள்ளத் தட்டுல பொட்டு அசிங்கமாத் தெரிஞ்சுச்சு. அப்பறம் துண்டால தொடச்சிட்டேன்."

"துண்டாலயா?"

"தொவச்ச துண்டுதேன் பாப்பா."

"ஏண்ணே, உங்க வண்டிக்கு இஞ்சினத் தொறந்து உள்ளயா பொட்டு வப்பீங்க?"

"பானட்டு மேலதான் வப்பேன்," என்றார் அவர், யோசித்து.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. "தயவுசெஞ்சு இனி கிட்டயே வராதீங்க. இந்த மஞ்சச் சட்டையோட பக்கத்துல நின்னாலே அந்த நெறமும் கல்லுல விழுகும். தூரப் போங்க!"

அவர் நகர்ந்து போனார்.

தட்டைக் காப்பாற்ற ஒரே வழிதான் உண்டு. நல்ல தண்ணீர் ஊற்றி, உப்புத்தாளால் மேல்பரப்பை லேசாகத் தேய்த்தெடுக்கலாம் என்று கருவியோடு வந்த கையேட்டில் படித்திருக்கிறாள். ஆனால் உப்புத்தாளுக்கு எங்கே போவது? இப்போதுதான் விரட்டிய மனிதரிடமே கேட்க வேண்டும்.

"அண்ணே... உப்புத்தாள் இருக்கா?"

பேட்டரி முனை தேய்க்க வைத்திருந்த புதுத் தாளோடு அவர் ஓடி வந்தார். கூடவே தன் தண்ணீர் கேனையும் தூக்கி வந்து, அவள் கை காட்டியபடி தட்டின்மேல் நிதானமாக ஊற்றினார். கேன் காலியாகும்வரை ஊற்றினார். மஞ்சள் போனது. தட்டை உதறிக் காயவைத்தாள். மறுபடி அளந்தபோது திரையில் மேட்டைக் காணோம்; கோடு சமமாக ஓடியது.

அதன்பிறகு ஒரு கல்லையும் விடவில்லை. குவாரிச் சுவரின் நிழல் கடைசிக் கல்லைத் தொடுமுன் அதையும் அளந்து முடித்துவிட்டு, பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாயருகே கொண்டுபோனாள்.

கை அப்படியே நின்றது. வேன் நிழல் அவள் அளந்த இடத்துக்குப் பக்கம் என்பதால், மலையாண்டி எதிர்ச்சரிவில் கொதிக்கும் பாறைமேல் நின்றிருந்தார். மஞ்சள் சட்டையைக் கழற்றிச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் ஒளித்துப் பிடித்திருந்தார். காலடியில் காலிக் கேன்.

பாட்டிலோடு சரிவேறிப் போனாள்.

"குடிங்கண்ணே. மொதல்ல நீங்க குடிங்க."

"வேல முடிஞ்சுச்சா பாப்பா? இனி சட்ட போட்டுக்கலாமா?"

"போட்டுக்கங்க." அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். "ரொம்பப் பேசிட்டேண்ணே."

"அட விடு பாப்பா. மிசினு ஓடுச்சுல்ல?"

"ஓடுச்சு. அண்ணே, சந்தனம் மிச்சம் இருக்கா?"

அவர் பயந்துபோய்ப் பார்த்தார்.

"பெட்டிய மூடிட்டு வாரேன்," என்றாள் பவதாரிணி. "மூடி மேல வைங்க."