மழைக்கோட்டில் போன அட்டை

கிடங்கில் நான் பகல் காவலாளி. துப்பாக்கி உரிமம் வாங்கினால் வேலை நிரந்தரம். மாதக் கடைசிக்குள் வாங்காவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள். துப்பாக்கியை வீட்டிலேயே இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும் என்பது விதி.

உரிம அலுவலக எழுத்தர் என் விண்ணப்பத்தை என் பக்கமே தள்ளினார்.

"ஏம்மா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தூக்க மாத்திரைய முழுங்கிட்டு, இப்ப துப்பாக்கி கேக்கறியே, உனக்கே நல்லா இருக்கா?"

"அது நான் இல்ல சார்."

"ஆஸ்பத்திரி ரெக்கார்டுல உன் பேரு, உன் அடையாள அட்டை நம்பர். அப்ப உன் ஆவியா போய்ப் படுத்துச்சு?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். செய்துவிட்டு மறந்திருப்பேனோ என்று ஒரு கணம் உண்மையாகவே பயந்தேன்.

மருத்துவமனை ஆவண அறையில் இருந்த பெண் கோப்பைப் புரட்டினாள்.

"இதுல ரத்த வகை பி. உங்களுக்கு?"

"ஓ."

"அப்ப நீங்க இல்ல. மயக்கத்துல வந்தவங்க பாக்கெட்ல உங்க அட்டை இருந்திருக்கு, அதைப் பார்த்து பதிஞ்சுட்டாங்க. ஒரு மனு எழுதிக் குடுங்க, நாளைக்கே திருத்தக் கடிதம் தரோம்."

அந்த நிம்மதி வாசல்வரைகூட வரவில்லை. என் அட்டை யாரிடம் இருந்தது?

நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் தினம் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதச் சொன்னதிலிருந்து மூன்று வருடமாக விடாமல் எழுதுகிறேன். வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக் கோப்பில் இருந்த தேதியைத் தேடினேன். 'மழை. அக்கா என் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அட்டையும் அதில்தான். வகுப்பு வாசலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் தோழி வீட்டில் தங்குகிறாளாம்.' அடுத்த இரண்டு நாளும் அட்டை இல்லாத என் சிரமத்தைத்தான் எழுதியிருந்தேன்.

உள்ளறையில் அக்கா தையற்கடை டேப்பால் அலமாரித் தட்டை அளந்துகொண்டிருந்தாள்.

"பெட்டி இங்க கச்சிதமா உக்காரும்டி. சாவி ஒண்ணுதானா, ரெண்டு தருவாங்களா?"

போன வாரமும் இதையே கேட்டாள். "உனக்கு எதுக்கு, கொள்ளையடிக்கப் போறியா?" என்று சிரித்தேன். இப்போது சிரிக்க முடியவில்லை.

"பெட்டி வரலக்கா."

"ஏன்?"

"ரெக்கார்டைத் திருத்த வேண்டாம்னு விட்டுட்டேன். மாத்திரை முழுங்கினது நானாவே இருந்துட்டுப் போறேன்."

டேப் அவள் விரலிலிருந்து நழுவியது. கட்டிலில் உட்கார்ந்தாள்.

"கண்ணு முழிச்சப்ப உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நானும் 'ம்'னுட்டேன். கொஞ்ச நேரம் வேற ஆளா இருக்க நல்லாத்தான் இருந்துச்சு."

"இப்பவும் மாத்திரை ஏதாவது வச்சிருக்கியா?"

அவள் கண் அலமாரியில் இருந்த பொத்தான் டப்பாவுக்குப் போய்த் திரும்பியது.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. நான் கிளம்பவில்லை. டப்பாவை மெத்தையில் கொட்டினேன். வெள்ளைச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே, அதே அளவில், அதே வெள்ளையில், துளையில்லாத வட்டங்கள்.

"வா, ரெண்டு பேருமா பொறுக்கலாம்," என்றேன்.

அவளும் குனிந்து ஒன்றை எடுத்தாள். பொறுக்கி முடித்த பிறகும் ஒவ்வொரு பொத்தானையும் தடவி, துளை இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன்.