ஆகாசத்துக்கு ஒரு ஆலோசனை

அந்த ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் கால்பந்து அணி தன் சொந்த மைதானத்தில் பத்தொன்பது முறை கோலை நோக்கி அடித்தது. எதிரணி ஒரே ஒரு முறை அடித்தது. ஆட்டம் முடிந்தபோது எதிரணி ஒன்று, உள்ளூர் அணி பூஜ்யம். வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற நல்ல குணத்தில் அந்த அணியை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

வடக்குப் பக்க கோலுக்குப் பின்னால், ஆறாவது வரிசையில் உட்கார்ந்து அந்தப் பத்தொன்பதையும் முழுதாக அனுபவித்தவர்கள் மூன்று பேர். ஒருவர் பிளம்பர். அவர் பக்கத்தில் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் ஆசிரியர். நாள் முழுக்க அடுத்தவர்கள் ஓட்ட, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே காலம் தள்ளுபவர். மைதானத்திலும் அந்த வலது கால் சும்மா இருக்காது; முன்வரிசைக்காரரின் இருக்கையை மிதித்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது ஆள் மருந்துக்கடை அக்கா. அக்கா கத்தவே மாட்டார். ஒவ்வொரு அடியும் எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

"எட்டு மேல போச்சு," என்று வெளியே வரும் வழியில் அக்கா நோட்டைப் பிரித்து வாசித்தார். "ஆறு நேரா கோல்கீப்பர் கைக்கு. நாலு ஓரமா வெளியே. ஒண்ணு போட்டோ எடுக்கறவர் மேல."

"அய்யோ, அவருக்கு அடி பட்டுச்சா?" என்றார் பிளம்பர்.

"நல்லாப் பட்டுச்சு. பத்தொன்பதுல அது ஒண்ணுதான் குறி தப்பாமப் போச்சு."

பத்தொன்பதில் பதினொன்று ஒரே ஆள் அடித்தவை. ஒன்பதாம் நம்பர் சட்டைக்காரர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. வடக்குப் பக்கம் வைத்த பெயர் ஆகாசம். அவர் காலை ஓங்கினாலே அங்கே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் அண்ணாந்து பார்ப்பார்கள்.

"அவன் பிரச்சினை என்னன்னு நான் சொல்றேன் மாப்ள," என்று மச்சான் ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. அது அவருக்கு ஒரு தடையாக இருந்ததும் இல்லை. "பந்து வருது. இவன் நிக்கறான். நிமிர்ந்து கோல்கீப்பரைப் பாக்கறான். சவுக்கியமான்னு கேக்கறான். வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு கேக்கறான். அதுக்கப்புறம்தான் அடிக்கறான். அதுக்குள்ள அங்க நாலு பேரு வந்து சுவரு கட்டிடறாங்க!"

"அவசரப்பட்டு அடிக்கறதாலதான் மேல போகுது மச்சான்," என்றார் பிளம்பர்.

"உனக்குக் குழாயைத் தவிர என்ன தெரியும்? கோல் முன்னாடி ஃபினிஷிங்னா என்னன்னு தெரியுமா?"

இந்தக் கேள்வியோடு அவர்கள் பேருந்து நிறுத்தம் வரை வந்து, அதே கேள்வியோடு வீட்டுக்குப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பிளம்பருக்கு ஓர் அழைப்பு வந்தது. நாலாவது மாடி வீட்டில் சமையலறை சிங்க்குக்கு அடியில் ஒழுகுகிறது, கீழ்வீட்டுக்காரர் கூரையில் ஈரம் என்று சண்டைக்கு வருகிறார், உடனே வர வேண்டும். பிளம்பர் பையைத் தூக்கிக்கொண்டு போய் மணியை அடித்தார். கதவைத் திறந்தது ஆகாசம்.

மைதானத்தில் தெரிந்ததைவிட உயரமாக இருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. முழங்கால் வரை நனைந்த கால்சட்டை. "வாங்க அண்ணே, நல்லவேளை வந்தீங்க," என்று உள்ளே அழைத்துப் போனார். கூடத்து டிவியில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பாதியில் நிறுத்தப்பட்டு நின்றது. படத்தில் ஆகாசத்தின் கால் காற்றில் இருந்தது. பந்து எங்கே என்று தெரியவில்லை. பிளம்பருக்குத் தெரியும், தன் தலைக்கு மேலேதான் போனது.

"மேட்ச் எல்லாம் பாப்பீங்களாண்ணே?" என்று ஆகாசம் கேட்டார்.

"இல்ல சார். எனக்கும் பந்துக்கும் ரொம்ப தூரம்," என்று கூசாமல் சொல்லிவிட்டு, பிளம்பர் சிங்க்குக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டார்.

இணைப்பில் இருந்த வாஷர் நைந்து போயிருந்தது. பிரதான வால்வை மூடலாம் என்றால் அது துருப்பிடித்து அசைய மறுத்தது. ஆகவே இடது கையால் தண்ணீரை அடக்கிப் பிடித்து, வலது கையால் பழையதைக் கழற்ற வேண்டியிருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து, தரையில் கருவிப்பைக்கு மேல் கிடந்த அவர் போன் அடித்தது. திரையில் 'மச்சான்' என்று வந்தது.

"உங்க கை ரெண்டும் மாட்டிக்கிச்சே, நான் எடுத்து வைக்கறேன்," என்று ஆகாசம் குனிந்தார்.

"வேணாம் சார், அது தானா நின்னுடும்..."

ஆகாசம் உதவும் குணம் உள்ளவர். போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, பிளம்பரின் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள! பேப்பர் பாத்தியா? அந்த ஆகாசத்துக்கு இன்னொரு வாய்ப்பு குடுப்பாங்களாம்! எதுக்கு? மேல ஏதாவது பறவை மிச்சம் இருக்கா?"

"மச்சான், நான் வேலையில இருக்கேன்."

"நீ வேலையில இருக்க. அவன் வேலையிலயே இல்லையேடா! அந்தக் கட்டைக்கு ரெண்டு காலு எதுக்கு? ஒண்ணைக் கழட்டி யாருக்காவது தானமா..."

பிளம்பர் தண்ணீரை விட்டுவிட்டுப் போனைப் பிடுங்கிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். விட்டால் கீழ்வீட்டுக் கூரையே இறங்கிவிடும். கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்போ அவன் என்னதான் செய்யணும்ங்கறீங்க?" என்று ஆகாசம் போனைப் பார்த்துக் கேட்டார்.

"யாரது?"

"வீட்டுக்காரர் மச்சான்," என்றார் பிளம்பர், சிங்க்குக்குள்ளிருந்து.

"வணக்கம் சார். நீங்களும் நம்ம டீமா?"

"ஆமாங்க. நாலு வருஷமா."

"அய்யோ பாவம். உங்களுக்கும் வயிறு எரியுமே. கேளுங்க, நான் சொல்றேன். அவன் நிமிர்ந்தே பாக்கக் கூடாது. கோல் கம்பம் என்ன எழுந்து நடந்தா போயிடப் போகுது? அது அங்கயேதான் சார் இருக்கும். தலையைக் குனிஞ்சுக்கணும், வந்த பந்தை வந்த வேகத்துல அடிச்சுடணும். நான் பத்தொன்பது வருஷமா கத்துக் குடுக்கறேன். யோசிச்சாத்தான் வண்டி நின்னுடும்."

"நிமிராமயே அடிக்கணும்," என்று ஆகாசம் மெல்லத் திருப்பிச் சொன்னார். "சரிங்க. ரொம்ப நன்றிங்க."

"நீங்க ஏன் சார் நன்றி சொல்றீங்க? கேக்க வேண்டியவன் கேக்க மாட்டேங்கறானே!"

அழைப்பு முடிந்தது. பிளம்பர் புது வாஷரைப் பொருத்தி, முறுக்கி, மேலும் முறுக்கி, இனி முறுக்க ஒன்றும் இல்லை என்ற பிறகும் முறுக்கினார். வேறு வழியில்லாமல்தான் வெளியே வந்தார்.

"சார், அவரு மனசுல எதுவும் வச்சுக்கிட்டுப் பேசற ஆளு இல்ல..."

"அதான் தெரியுதே. எதையுமே வச்சுக்கல, எல்லாத்தையும் சொல்லிட்டாரு." ஆகாசம் போனைத் துடைத்துக் கொடுத்தார். "வடக்குப் பக்கத்துலேர்ந்து ஒரு குரல் வரும். 'பிரேக்கை விடுடா, பிரேக்கை விடுடா'ன்னு. அவரா?"

"அவர்தான் சார்."

"ரெண்டு வருஷமா அது யாருக்குச் சொல்றாங்கன்னு யோசிச்சுட்டு இருந்தேன்." அவர் சிரித்தார். பிறகு டிவியில் நின்றிருந்த தன் காலைப் பார்த்தார். "கோச் ஒண்ணு சொல்றாரு. பழைய கோச் வேற சொன்னாரு. எங்கம்மா நான் பந்தைத் தொட்டதும் டிவிய அணைச்சுட்டு, பக்கத்து வீட்ல போய் என்னாச்சுன்னு கேக்கறாங்க. உங்க மச்சான் சொன்னது ஒண்ணுதாண்ணே தெளிவா இருந்துச்சு."

அதைக் கேட்டதும் பிளம்பர் அவசரமாகக் கருவிகளைப் பைக்குள் போட்டார். தெளிவாகப் பேசுவது மச்சானுக்குக் கைவந்த கலை. இதே தெளிவோடு அவர் சொல்லிக் கொடுத்த மூன்று பேர் போன மாதம் லைசென்ஸ் தேர்வில் வரிசையாகத் தோற்றிருந்தார்கள்.

நடந்ததைப் பிளம்பர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வார இறுதியில் வெளியூரில் ஓர் ஆட்டம். ஆகாசத்தை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். அணியில் பெரிய மாறுதல் என்று பேப்பர் எழுதியது. மாறுதல் இருக்கத்தான் செய்தது. இம்முறை வேறு ஆட்கள் கோல் போடாமல் விட்டார்கள்.

அடுத்த ஞாயிறு மறுபடி சொந்த மைதானம், மறுபடி ஆறாவது வரிசை, களத்தில் மறுபடி ஆகாசம்.

"மாப்ள, உடம்பு சரியில்லையா? வாயே திறக்க மாட்டேங்கற," என்றார் மச்சான்.

"தொண்டை கட்டிக்கிச்சு."

இருபதாவது நிமிடம் இடது ஓரத்திலிருந்து அருமையான பந்து ஒன்று வந்தது. ஆகாசம் தலையைக் குனிந்துகொண்டார். நிற்கவில்லை, நிமிரவில்லை, யாரையும் நலம் விசாரிக்கவில்லை. வந்த வேகத்தில் அடித்தார். பந்து நேராகக் கோலுக்குத்தான் போனது. வழியில் அவர் அணிக்காரரே ஒருவர் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் முதுகில் பட்டுத் திரும்பியது. அந்த மனிதர் குப்புற விழுந்தார்.

வடக்குப் பக்கம் கொந்தளித்தது. மச்சான் இருக்கை மேல் ஏறி நின்றார்.

"டேய்! நிமிர்ந்து பாக்க மாட்டியா? கண்ணு எதுக்குடா இருக்கு? எந்தப் புண்ணியவான்டா உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தான்?"

பிளம்பர் மெல்லத் திரும்பி மச்சானைப் பார்த்தார். மச்சான் முகத்தில் கள்ளமே இல்லை. செவ்வாய்க்கிழமை சொன்ன சொல் செவ்வாய்க்கிழமையே அவரை விட்டுப் போய்விட்டிருந்தது.

நாற்பதாவது நிமிடம் இன்னொன்று. குனிந்த தலை, வந்த வேகம். பந்து மூலைக்கொடியைச் சாய்த்துவிட்டுப் போனது. "கொடி, ஒண்ணு," என்று முணுமுணுத்தபடி அக்கா நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டார்.

எழுபத்தைந்தாவது நிமிடம் எதிரணியின் பின்வரிசையில் ஒருவர் கால் வழுக்கி விழ, பந்து ஆகாசத்தின் காலுக்கு வந்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும். ஆகாசம் தலையைக் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். இரண்டு வாரத்து ஆலோசனைகளும் அந்தக் கழுத்தில் மேலும் கீழுமாக ஏறி இறங்குவது ஆறாவது வரிசை வரை தெரிந்தது.

பிளம்பர் எழுந்துவிட்டார். கட்டாத தொண்டை முழுவதையும் திறந்து கத்தினார். "யார் சொல்றதையும் கேக்காத தம்பி! உனக்குத் தோணினபடி அடி!"

கேட்டதோ இல்லையோ, ஆகாசம் காலை ஓங்கினார். வடக்குப் பக்கம் அண்ணாந்து பார்த்தது. கோல்கீப்பரும் ஒரு பக்கமாகப் பாய்ந்துவிட்டார். ஆனால் பந்து காலில் சரியாகப் படவே இல்லை. கணுக்காலுக்கு மேலே எங்கேயோ இடித்து, நொண்டி நொண்டி உருண்டு, கம்பத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, கோட்டைத் தாண்டி நின்றது. அண்ணாந்த தலைகள் கீழே இறங்குவதற்குள் கோல் ஆகிவிட்டிருந்தது.

ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் பிளம்பருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சிங்க், போன், வாளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மருந்துக்கடை அக்கா வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் குலுங்கினார். மச்சான் மட்டும் நான்கு நிறுத்தம் வரை பேசவே இல்லை. அப்படி ஒரு அமைதியைப் பிளம்பர் தன் கல்யாணத்திலிருந்து கண்டதில்லை.

கடைசியில் தாழ்ந்த குரலில் கேட்டார். "என்னைப் பத்தி எதுவும் தப்பா நினைக்கலையே?"

"நீங்க சொன்னது தெளிவா இருந்துச்சுன்னாரு."

அப்போது முன் இருக்கையில் இருந்த கண்ணாடிக்காரர் தன் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "இதெல்லாம் ஒரு கோலா? அந்தக் கட்டைக்குக் காலு எதுக்கு? தானா உருண்டு போச்சு."

மச்சான் அவர் தோளைத் தட்டினார். "சார், கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க. அவரு கஷ்டம் அவருக்குத்தான் தெரியும். ஃபினிஷிங்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நீங்க யாரு சார், அவருக்குச் சொந்தமா?"

"சொந்தத்தை விடுங்க. நாங்க போன்ல பேசிக்கறவங்க."

கண்ணாடிக்காரர் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். அவரிடமும் பத்து வருடக் கருத்துகள் சேர்ந்து கிடந்தன. தங்கள் நிறுத்தம் வந்ததும் அக்கா எழுந்து, "இறங்கலையா?" என்று கேட்டார். மச்சான், பிளம்பர் இருவருக்கும் காதில் விழவில்லை. மச்சானின் கால் முன் இருக்கையை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது. பிளம்பர் அவரை அடக்கச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் இறங்கி நின்று, பேருந்து வளைவில் திரும்பி மறையும் வரை பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.